பிள்ளையாருக்கு முன்னால் ஒரு பீரங்கி வண்டி

என் அம்மா என்னை ஒரே ஒரு முறைதான் அடித்திருக்கிறார். அதற்குக் காரணம் ஐந்நூறு வருடங்களுக்கு முன் செத்துப்போன ஓர் இத்தாலியர் என்று சொன்னால் யாரும் லேசில் நம்பமாட்டார்கள்.

எண்பதுகளின் கடைசியில், ஈஸ்ட் ஹாமில் ஒரு கடைக்கு மேலிருந்த இரண்டு அறைகளில் குடியிருந்தோம். எனக்கு ஒன்பது வயது. மறுமலர்ச்சிக் காலத்து ஓவியர்கள் வரைந்த இயந்திரப் படங்களின் நகல்களை ஆசிரியை வகுப்பில் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். அந்தக் காலத்து ஆட்கள் இயந்திரத்தை முழுதாக ஒரு முறை வரைந்துவிட்டு, பிறகு இறைச்சிக் கடைக்காரர் மாதிரி துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பையும் தனியே வரைவார்களாம். நாங்களும் அப்படி வரைந்து, அது எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நல்ல படங்கள் பெற்றோர் வரும் நாளில் மண்டபத்தில் தொங்கும். பக்கத்துப் பிள்ளைக்குப் பறக்கும் சிறகு கிடைத்தது. எனக்கு அந்த இத்தாலியர் வரைந்த படம்: ஆமை ஓடு போல மூடிய மரவண்டி, சுற்றிவரப் பீரங்கிகள்.

மூன்று நாள் அந்த வண்டியோடு மல்லுக்கட்டினேன். பற்சில்லுகளை, அதாவது பல்சக்கரங்களை, ஒவ்வொன்றாக வரைந்து, எது எந்தப் பக்கம் சுற்றும் என்று அம்புக்குறி போட்டுக்கொண்டு போனால், முன்சில்லு ஒரு பக்கமும் பின்சில்லு மறுபக்கமும் சுற்றின. வண்டி ஓரடி நகராது. அந்த மகா மேதை விட்ட பிழையை நான் பிடித்துவிட்டேன். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் வீட்டில் நல்லபடி முடியவேண்டிய காகிதம் எதுவென்றாலும் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைக்கப்படும். அப்போது அங்கே இருந்தது மாமாவின் கேஸ் ஃபைல். மாமா அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர், அகதியாக வந்து எங்களோடு இருந்தார். அவர் எந்த இயக்கத்திலும் இருந்ததில்லை, ஆயுதம் தொட்டதில்லை என்பதை அதிகாரிகள் நம்பினால்தான் திருப்பி அனுப்பமாட்டார்கள். ஃபைலின் நான்கு மூலையிலும் அம்மா சந்தனம் தொட்டு வைத்திருந்தார். மாமாவுக்கு உதவுகிற பிள்ளையார் எனக்கும் உதவட்டும் என்று என் படத்தையும் அதற்குள் செருகிவிட்டேன். மடிப்பும் விழாது.

மறுநாள் காலை மாமாவுக்குக் குரொய்டனில் குடிவரவு அதிகாரிகளோடு நேர்முகம். வெளிக்கிட்டு நின்றவரிடம் கொடுப்பதற்கு முன் அம்மா கடைசியாக ஒருமுறை ஃபைலைத் திறந்து பார்த்தார்.

"இதை ஆர் கீறினது?"

நான்தான் என்று பெருமையோடு சொன்னேன். கன்னத்தில் அடி விழுந்தது. எனக்கு வலிக்கவில்லை. காகிதத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றவைக்கும் அம்மா, என் படத்தை நாலாக, எட்டாகக் கிழித்தார். கிழித்ததைக் குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டு நெருப்பு வைத்தார். மூன்று குச்சி வீணாயின. சாம்பல் முழுதும் போகும்வரை தண்ணீரைத் திறந்துவிட்டபடி அழுதார். அம்மா அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. இவர் வேறு யாரோ என்று பயமாக இருந்தது.

"அது ஓடாதம்மா," என்று விக்கி விக்கிச் சொன்னேன். "சில்லு எதிரெதிராச் சுத்தும். அதாலை ஒருத்தரையும் சுட ஏலாது."

மாமா எனக்கு முன்னால் குந்தி, அடி விழுந்த கன்னத்தைத் தடவினார்.

"ஆமிக்காரருக்கு நானும் உப்பிடித்தான் விளங்கப்படுத்தினனான், பிள்ளை. நான் கொப்பியிலை கீறி வைச்சிருந்தது தண்ணி இறைக்கிற மிசின். அவங்கள் அதை ஆயுதமெண்டாங்கள்."

மாமாவுக்கும் இதே பள்ளிக்கூட வீட்டுவேலை கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணி, எத்தனை மார்க்ஸ் போட்டார்கள் என்று கேட்டேன். மாமா எழுந்து நின்றார். மணிக்கட்டுத் தழும்பு மறையும்படி சட்டைக் கையை இழுத்துப் பொத்தானைப் பூட்டினார். குறைந்த மார்க்ஸ்தான் போலிருக்கிறது, சொல்ல வெட்கப்படுகிறார் என்று நினைத்து நான் மேற்கொண்டு கேட்கவில்லை.