தேர்வாகாதவர்களுக்கு அக்கா எழுதிய கடிதம்

எங்கள் நாற்காலிக் கம்பெனி அலுவலகத்தில் அக்காவின் மேஜைக்கு எதிர் மேஜை என்னுடையது. பதினான்கு வருடமாக அவள் யாரிடமும் இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. வீடு வீடாக விற்க வருகிறவர்களுக்கு அவள் வீட்டில்தான் முதல் போணி. தரை துடைக்கும் கட்டை மட்டும் ஐந்து வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டார் வெளியூர் போனால் அவர்களுடைய பூனை இவளிடம் வந்துவிடும். முடியாது என்று சொன்னால் வாயா சுளுக்கிக்கொள்ளும் என்று அவள் கணவர் கேட்பாராம். அவர்கள் முகம் வாடிவிடுமே என்பாள். பூனை இருக்கும் வாரமெல்லாம் தும்மித் தும்மி வாடுவது இவள் முகம்தான்.

இவளைத் தேடிப் பிடித்துத்தான் முதலாளி, வேலைக்கு விண்ணப்பித்துத் தேர்வாகாதவர்களுக்குக் கடிதம் எழுதச் சொன்னார். கிடங்குக்கு ஓர் ஆள் எடுத்திருந்தோம். மீதிப் பதினோரு பேருக்கு எழுத வேண்டும். அக்கா இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். உங்கள் திறமை எங்களை வியக்க வைத்தது, உங்களைப் போன்றவர் கிடைப்பது அரிது, நம் உறவு தொடரும் என்று நம்புகிறோம் என்று தேனாக ஒழுகியது. இதில் வேலை இல்லை என்று எங்கே அக்கா வருகிறது என்று கேட்டேன். நடுவில் ‘தற்சமயம் சூழ்நிலை’ என்று போட்டிருக்கிறேனே, புரிந்துகொள்ள மாட்டார்களா என்றாள்.

பத்துப் பேர் புரிந்துகொண்டார்கள். பதினோராவது ஆள் திங்கட்கிழமை காலை எட்டரைக்கு, இஸ்திரி போட்ட சட்டையும் சாப்பாட்டுப் பையுமாக வந்து, எங்கே உட்காரட்டும் என்று கேட்டார். நாற்பது வயதிருக்கும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் நின்றுவிட்டது. இப்போது வேலை பார்க்கும் அச்சகத்துக்கு ராஜினாமாக் கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். இங்கே கையெழுத்துப் போட்டுவிட்டு, அங்கே போய் அதைக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடுவாராம். வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான்.

அக்கா டீ வரவழைத்தாள். வெயிலை விசாரித்தாள், பஸ்ஸில் கூட்டமா என்று விசாரித்தாள். பக்குவமாகச் சொல்லப் போகிறாளாம். மணி ஒன்பதாயிற்று. இதைக் கொடுத்துவிட்டே வந்துவிடுகிறேன் என்று அவர் எழுந்தார். அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“அந்த லெட்டர அங்க குடுத்துடாதீங்க. இந்த வேலை உங்களுக்கு இல்லைங்க. வேற ஆள் எடுத்தாச்சு. நான்தான் புரியாத மாதிரி எழுதிட்டேன்.”

அவர் முகம் வாடியது. அவள் எவ்வளவு பயந்திருந்தாளோ அவ்வளவும் வாடியது. அக்கா பார்வையைத் திருப்பவில்லை. இத்தனை வருடம் கேலி செய்த எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது.

அவர் மெதுவாக அவளுடைய கடிதத்தை எடுத்து விரித்தார்.

“வீட்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். இதுல என்னைப் பத்தி எழுதியிருக்கறதாவது நிஜமா?”

ஆமாம் என்று சொல்லிவிடு என்று நான் எதிர் மேஜையிலிருந்து கண்ணைக் காட்டினேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை.

“பதினோரு பேருக்கும் அதேதாங்க எழுதினேன்” என்றாள். பிறகு, “உங்க கையெழுத்து அழகா இருக்குன்னு கீழ ஒரு வரி இருக்கு, பாருங்க. அது உங்களுக்கு மட்டும்தான்.”

அவர் அந்த வரியைத் தேடிப் படித்தார். கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்துக்கொண்டார். ஒன்பதரையைத் தாண்டினால் அச்சகத்தில் திட்டுவார்கள் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.