நேர்முகத்தில் சொன்ன கதை

வினோஜா பொருளியலில் பட்டம் பெற்று, புவாண்ட்-கிளேர் நகரில் ஓர் அலுவலகத்தில் சில வருடம் வேலை செய்தவள். அந்த வேலையில் மனம் ஒட்டவேயில்லை. வேறு துறையில் படித்தவர்களையும் முதுமாணித் தாதியர் படிப்புக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்கு அழைத்தார்கள்.

"கணக்கை விட்டுவிட்டு ஏன் நோயாளிகளிடம் வருகிறீர்கள்?" என்று கேட்டார்கள்.

தயார் செய்துகொண்டு போன பதில் மறந்துபோனது. அப்போதுதான் அப்பாவைத் தானே பராமரித்ததாகச் சொன்னாள். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துப்போன அப்பா சிவநேசத்தைக் குளிப்பாட்டியது, புரையேறாமல் கஞ்சி பருக்கியது, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தது. எல்லாம் நடந்தவைதான். ஆனால் செய்தவள் அக்கா நிரோஜா. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, பஸ்ஸே அரிதான இல்-பிசார் தீவில் அப்பாவோடு இருந்தவள் அவள். வினோஜா ஞாயிற்றுக்கிழமைகளில் பழங்களோடு வந்து, அக்கா செய்வதைப் பார்த்தபடி தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போவாள்.

இடம் கிடைத்தது. அக்கா கேசரி கிண்டிக் கொடுத்தாள். அதை விழுங்க வினோஜா பட்ட பாடு கொஞ்சமல்ல.

வகுப்புத் தொடங்கிய வாரம், நேர்முகத்தில் இருந்த பேராசிரியை அவளை எல்லோருக்கும் காட்டி, "தந்தையைப் பல வருடம் பராமரித்தவர்" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வினோஜாவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வகுப்பு முடிந்ததும் நேரே இல்-பிசாருக்குப் போனாள்.

நிரோஜா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். வினோஜா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் செய்ததை நீ செய்தனி எண்டு சொன்னனியோ?"

"ஓம். எனக்கொரு அக்கா இருக்கிறா எண்டுகூடச் சொல்லேல்லை."

ஏசுவாள் என்று எதிர்பார்த்தாள். நிரோஜா கட்டிலில் உட்கார்ந்தாள். "எப்பிடிச் சொன்னனி? அப்பிடியே சொல்லு."

வினோஜா தட்டுத்தடுமாறிச் சொன்னாள். அப்பா மறுபடி தானாகக் கரண்டி பிடித்த நாளுக்கு வந்தபோது நிரோஜா அழுதுவிட்டாள்.

"நான் என்ன செய்யிறன் எண்டு இவ்வளவு காலமும் ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்ட ஆக்களுக்கும் நீ உன்ர பேரில சொல்லிப்போட்டாய்."

"அங்க போய் உண்மையைச் சொல்லட்டோ, அக்கா? என்னை நிப்பாட்டினாலும் பரவாயில்லை."

"அது உன்ர பாடு. என்னட்டை உத்தரவு கேளாதை. சனிக்கிழமையில நீ வந்து அப்பாவைப் பார். நானும் வெளியில போகோணும்."

அடுத்த நாள் வினோஜா பேராசிரியையிடம் சொன்னாள். அவர் கோபித்திருந்தால் தாங்கியிருப்பாள். அவரோ கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அக்காவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். கடுமையான எச்சரிக்கையோடு இடம் தப்பியது. ஆனால் அதன்பிறகு வகுப்பில் அவரை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.

சனிக்கிழமை அப்பாவைக் கதிரையில் இருத்திக் குளிப்பாட்டினாள். சவர்க்காரம் அவர் கண்ணுக்குள் போய்விட்டது.

"நிரோ எங்க?" என்றார், குழறிய குரலில்.

"அக்கா வெளியில போயிட்டா, அப்பா. இண்டைக்கு நான்."

"அவளைக் கூப்பிடு."

"பேந்து வருவா," என்று சொல்லி, அவர் கண்ணை மெல்லத் துடைத்துவிட்டாள்.