அக்காவின் கால் நின்ற நாள்

அக்காவின் உள்ளங்கால்கள் சூடாக இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, தரையில் உட்கார்ந்திருக்கும் என் உள்ளங்கால்களோடு அவற்றை ஒட்டி வைப்பாள். பிறகு வலது காலால் முழு பலத்தோடு ஒரு அழுத்து. நான் சுவரில் முதுகைக் கொடுத்து எதிர்த்துத் தள்ள வேண்டும். சுவர் மட்டும் இல்லையென்றால் சிமெண்ட் தரையில் வழுக்கிக்கொண்டே போவேன்…

என் பெண் இப்போதுதான் தூங்கினாள். எழுந்துகொள்வதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

செல்போனில் பட்டன்கள் இருந்த காலம். நான் ப்ளஸ் ஒன். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீடு, கூடத்தை அடைத்துக்கொண்டு அப்பாவின் தறி. அக்கா ஸ்காலர்ஷிப்பில் விமானம் ஓட்டப் படித்து, லைசென்ஸும் வாங்கிவிட்டு, மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் இன்ஸ்ட்ரக்டர் ஆவதற்கான பயிற்சியில் இருந்தாள்.

அதில் ஸ்பின் என்று ஒரு பாடம். வேகத்தை வேண்டுமென்றே குறைத்துக்கொண்டே போனால், இறக்கை காற்றின் மேல் வைத்திருக்கும் பிடியை விட்டுவிடுமாம். விமானம் ஒரு பக்கமாகச் சரிந்து, மூக்கு கீழே போய், சுழன்றபடியே விழும். அதிலிருந்து மீட்க வேண்டும்.

கேட்டதும் அம்மா அரிவாள்மனையை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"நல்லா போற ப்ளேனை எதுக்குடி வேணும்னே கவுக்கணும்?"

"நாளைக்கு எங்கிட்ட கத்துக்க வர்றவன் தெரியாம கவுத்துட்டான்னா, பக்கத்துல உக்காந்துக்கினு நான்தானமா நிமித்தணும்?"

மீட்கிற வழி சொல்லும்போது எளிதுதான். எஞ்சினைக் குறை. காலடியில் இருக்கும் இரண்டு பெடல்களில், சுழல்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்க பெடலை முழுசாக மிதி. கையிலிருக்கும் ஸ்டிக்கை முன்னால் தள்ளு… ஆமாம், தரையைப் பார்த்து விழும்போது இன்னும் தரையைப் பார்த்தே தள்ள வேண்டும். சுழல்வது நிற்கும்வரை காலை எடுக்கக் கூடாது.

அக்காவுக்குக் கை சொன்னபடி கேட்டது. கால்தான் கேட்கவில்லை.

ப்ளஸ் டூ முடிக்கும்வரை லீவு நாளெல்லாம் அப்பாவின் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்தவள் அவள். தறியில் ஒரு மிதியை அழுத்தினால் அடுத்த நொடி மறுகாலுக்கு மாற்றியாக வேண்டும். வலது, இடது, வலது, இடது. நினைக்கவே வேண்டாம், கால் தானாக மாறிக்கொள்ளும். மேலே, ஆகாயத்தில், விமானம் சுழன்றுகொண்டிருக்கும்போதும் அப்படியே மாறியது. நிற்கப்போன ஸ்பின் மறுபடி வேகம் பிடித்தது. பக்கத்தில் இருந்த, அவளுக்குப் பயிற்சி தரும் கேப்டன் கன்ட்ரோலைப் பிடுங்கி மீட்டிருக்கிறார்.

"உன் கால் டான்ஸ் ஆடுது. இந்தக் காலோட ஒரு ஸ்டூடண்ட்டை உன்கூட மேல அனுப்ப முடியாது. அடுத்த தடவையும் ஆடிச்சுன்னா உன் பேரை எடுத்துடுவேன்," என்று இறங்கியதும் சொன்னாராம்.

அதனால்தான் என் கால்கள் பெடல் ஆயின. "நின்னுடுச்சு" என்று நான் சொல்லும்வரை அவள் காலை மாற்றக் கூடாது. நானோ லேசில் சொல்ல மாட்டேன்.

"சொல்லித் தொலைடி, கால் மரத்துப் போச்சு!"

"இன்னும் சுத்துதுக்கா…"

"பாவி! எவ்ளோ நேரம்டி சுத்தும்?"

"சுத்திக்கினே இருக்குதுக்கா, நான் என்னா பண்ணட்டும்?"

"கழுதைங்களாட்டம் எதுக்குடி ஒதைச்சிக்கினு கெடக்கறீங்க?" என்று உள்ளேயிருந்து அம்மா.

கேப்டன் அக்காவை மறுபடி சோதித்துப் பார்க்கும் செக் அன்று அம்மாவும் நானும் கூடவே போனோம். வெட்டவெளி, ஒரு தகரக் கொட்டகை, நீளமான ரன்வே. அக்காவும் கேப்டனும் ஏறிய சின்ன விமானம் மேலே போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு வெள்ளைப் புள்ளி.

திடீரென்று எஞ்சின் சத்தம் நின்றது.

அந்த மௌனத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. புள்ளி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு விழுந்தது. சுழன்று சுழன்று… இறக்கையில் வெயில் பட்டு மின்னி, அணைந்து, மின்னி, அணைந்து. அதற்குள்ளே இருப்பது என் அக்கா. என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள். என் வலது கால் தானாகவே செருப்போடு மண்ணை அழுத்திக்கொண்டிருந்தது. அம்மா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

சட்டென்று சுழல்வது நின்றது. ஒரு நொடி மூக்கு நேராகத் தரையைப் பார்த்து… பிறகு யாரோ உள்ளங்கையில் ஏந்தித் தூக்குவது போல மெதுவாக நிமிர்ந்தது. சத்தம் திரும்பி வந்தது. இவ்வளவு பெரிய ஆகாயத்தில் ஒரு மனுஷியின் கால் அசையாமல் இருந்ததால் நடந்தது அது. எனக்குக் கண்ணீர் வந்ததுகூடத் தெரியவில்லை.

"முடிஞ்சுதாபா?" என்றாள் அம்மா, கொட்டகையில் நின்ற மெக்கானிக்கிடம்.

"இது இடது பக்கம்மா. இப்ப வலது பக்கம் போடுவாங்க."

"இன்னொரு தடவையா?"

அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டாள். இந்த முறை தலையை நிமிர்த்தி, முழுசாக, கடைசிவரை பார்த்தாள். நான் ஆகாயத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

இறங்கி வந்த அக்காவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "டான்ஸ் நின்னு போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு கேப்டன் டீ குடிக்கப் போனார். அக்கா என் காதைத் திருகினாள்.

"மேலயும் உன் கொரலுதாண்டி கேட்டுச்சு. இன்னும் சுத்துது, இன்னும் சுத்துதுன்னு."

இன்று அவள் இன்ஸ்ட்ரக்டர்களுக்கே ஸ்பின் சொல்லித்தருகிறாள். விமானத்துக்குள்ளிருந்து எடுத்த வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் வரும். பார்க்கிறேன், ஹார்ட் போடுகிறேன். அன்று கழுத்து வலிக்க நின்று பார்த்த ஆகாயம் அந்தச் சின்னத் திரையில் வருவதே இல்லை.

நானோ, என் பெண் பார்க்கில் சறுக்குமரத்தின் உச்சியில் நின்று "அம்மா, பாரு!" என்று கத்தினால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிற ஆள். போன வாரம் அம்மாவுக்கு போன் போட்டேன். அன்றைக்கு இரண்டாவது தடவை எப்படிம்மா உன்னால் பார்க்க முடிந்தது என்று இத்தனை வருஷம் கழித்துக் கேட்டேன்.

"கண்ணை மூடிக்கினா சத்தம் நின்னு போனது மட்டுந்தாண்டி கேட்டுச்சு. அதுக்கு பாக்கறதே தேவலைன்னு பாத்தேன்," என்றாள் அம்மா.