அசையாத அர்மான்

"உர்ர்ர்ர்..." என்று அடித்தொண்டையில் தொடங்கி, மூன்றாவது கியர் மாறும்போது பல்செட் நழுவாமல் கட்டைவிரலால் முட்டுக்கொடுத்து, நான்காவது கியரில் முகம் தக்காளியாய்ச் சிவக்க, அர்மான் கஸ்தேல் பாரிஸின் மோன்மார்த்ர் குன்றின்மேல் காரை ஏற்றிக்கொண்டிருக்கிறார். கார் கிடையாது. அவர் உட்கார்ந்திருப்பது காபிக் கடையின் ஜன்னலோர நாற்காலியில். எதிரே லியோனிலிருந்து வந்த இளம் ஜோடி ஒன்று அவரைக் கைப்பேசியில் படம் பிடிக்கிறது.

"இந்த முக்குல திரும்புறான். நூத்தம்பதுல வர்றான்! எதிர்ல யாரு? நான்! கக்கத்துல நீள ரொட்டி. ஒரு அடி நகர்ந்தேனா? கேளுங்க, நகர்ந்தேனா?"

"நகரல" என்கிறார் கடைக்காரர் நசீம், கோப்பையைத் துடைத்தபடி. கேள்வி முடியுமுன்பே அவருக்குப் பதில் வந்துவிடும். அத்தனை வருடப் பழக்கம்.

"நகரல! அவன்தான் ஒதுங்கினான்."

விஷயம் ஒரு பழைய குறும்படம். எழுபதுகளில் ஒரு கோடை விடியலில் காரின் முகப்பில் கேமராவைக் கட்டி, பாரிஸை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை யாரோ புயல் வேகத்தில் கடந்தார்கள். நடுவில் ஒரு வெட்டு இல்லை, ஒரு வசனம் இல்லை, சிவப்பு விளக்கு எதற்கும் மரியாதையும் இல்லை. கடைசியில் கார் குன்றின்மேல் ஏறும்போது, நசீமின் கடை இருக்கும் இதே முக்கில், ரொட்டியோடு ஒரு சாம்பல் நிறப் புள்ளி தெருவைக் கடக்கும். கார் ஒதுங்கிப் போகும். அந்தப் புள்ளிதான் தான் என்கிறார் அர்மான். புள்ளிக்கு முகம் கிடையாது என்பதால் மறுக்க யாராலும் முடியவில்லை.

படத்தை வழிபடுகிறவர்கள் உலகம் முழுக்க உண்டு. அவர்களில் கொஞ்சம் பேர் ஞாயிறுதோறும் இந்த முக்குக்கு யாத்திரை வருவார்கள். அவர்களுக்காகவே அர்மான் தோல் கையுறை அணிந்து வருகிறார், கார் ஓட்டுகிறவர்கள் அணியும் ஓட்டைபோட்ட கையுறை. ஓட்டுநர் உரிமம் மட்டும் அவரிடம் இருந்ததே இல்லை.

உத்தியோகம் என்ன என்று யாராவது கேட்டால் "போக்குவரத்து" என்பார். முப்பது வருடம் தெருத்தெருவாக நடந்து, தப்பான இடத்தில் நிறுத்திய வண்டிகளின் கண்ணாடியில் அபராதச் சீட்டு செருகியவர். நடைபாதையில் ஒரு சக்கரம் ஏறியிருந்தால் விடமாட்டார். பிரசவத்துக்கு வந்த வண்டியையும் விட்டதில்லை. இப்போதும் பேச்சின் நடுவே சைக்கிள்காரன் எவனாவது முக்கின் சிவப்பு விளக்கைத் தாண்டினால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். "டேய் காட்டுமிராண்டி! சிவப்பு எரியுது, கண்ணு தெரியல?" பிறகு உட்கார்ந்து, பதினைந்து சிவப்பு விளக்கைத் தாண்டிய அந்த மகானைப் பற்றி விட்ட இடத்திலிருந்து தொடர்வார். ஊருக்குத்தான் உபதேசம்.

மனைவி யோலாந்த் பக்கத்து மேசையில் இருப்பாள். காலையில் ரொட்டிக் கடைக்குப் போவது அவள் வேலை. திரும்பும் வழியில் நசீமிடம் ஒரு காபி. சூடான ரொட்டியின் முனையை ஒடித்துத் தின்றுகொண்டே வீட்டுக்கு நடப்பது பாரிஸில் எழுதாத சட்டம், வாங்கப் போகிறவருக்கே முனை சொந்தம். யோலாந்த் அதை வாழ்நாளில் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"தெருவுல தின்னுக்கிட்டே நடக்கிறது ஆடு மாடு பண்ற வேலை" என்பார் அர்மான். "அன்னைக்கு என் கக்கத்துல ரொட்டி முழுசா இருந்துச்சு." சொல்லும்போது அவர் கண் மட்டும் அவள் வாயிலேயே இருக்கும். மணமாகி ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, அந்த வீட்டில் முனையுள்ள ரொட்டியை அவர் பார்த்ததில்லை.

போன மாதம் நசீம் சிரித்த முகத்தோடு ஒரு சேதி கொண்டுவந்தார்.

"முசியே அர்மான், பழைய படச்சுருளைக் கழுவித் துடைச்சு புதுப் பிரதி போட்டிருக்காங்க. கண்ணாடி மாதிரி இருக்காம். ஞாயித்துக்கிழமை நம்ம கடையிலயே பெரிய டிவியில போடுறேன். உங்க மூக்கு மேல இருக்கிற மருவரைக்கும் தெரியும்!"

அர்மான் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அவ்வளவு தெளிவா இருந்தா அதுல என்னய்யா கலை இருக்கு?" என்றார். நசீம் கேட்கவில்லை. மறுநாள் அர்மான், கூட்டம் வந்தால் நாற்காலி நடைபாதைக்குப் போகும், அதற்கு நகராட்சி அனுமதி வேண்டும் என்று விதியை எடுத்து வீசினார்.

"நீங்க ரிட்டயர் ஆகி இருபது வருஷம் ஆச்சு, முசியே."

சனிக்கிழமை அவருக்கு வயிற்றுவலி வந்தது. ஞாயிறன்று மூட்டுவலியும் சேர்ந்துகொண்டது. யோலாந்த் தொப்பியை எடுத்து அவர் தலையில் கவிழ்த்தாள். "நட. உன் படம்தானே?"

இதில் சிரிக்க நிறைய இருக்கிறது, ஆனாலும் பாவமாகத்தான் இருந்தது. முப்பது வருடம் அந்தத் தெருக்களில் அவரைப் பார்த்ததும் மனிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு வணக்கம் கிடைத்தது அந்தப் புள்ளியால்தான். ஜன்னலோர நாற்காலி போய்விட்டால் அவர் மறுபடியும் வெறும் சீட்டுக்காரர்.

கடை நிரம்பியிருந்தது. கார் சீறியது, ஆற்றங்கரை ஓடியது, புறாக்கள் பறந்தன, குன்று வந்தது. முக்கும் வந்தது. அர்மான் காலணியைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

புள்ளிக்கு முகம் முளைத்திருந்தது. தலையில் முடி சுருட்டும் உருளைகள், அவற்றின்மேல் கைக்குட்டை. இரவு உடைக்கு மேல் ஒரு கோட்டு. காலில் வீட்டுச் செருப்பு. கக்கத்தில் ரொட்டி, அதற்கு முனை இல்லை. கார் பாய்ந்து வந்தது. அவள் நகரவில்லை. மெல்லுவதையும் நிறுத்தவில்லை. கார்தான் ஒதுங்கியது.

நசீம் படத்தை நிறுத்தினார். கடையே திரும்பி யோலாந்தைப் பார்த்தது. அவள் மென்றுகொண்டிருந்தாள்.

"மதாம், நீங்களா அது?"

"ஆமா. அந்தக் கோட்டு இன்னும் இருக்கு. நல்ல கோட்டு."

"இத்தனை வருஷம் வாயே திறக்கலையே!"

"அன்னைக்கே வீட்டுக்கு வந்து சொன்னேன். இவன் போர்வைக்குள்ள இருந்து 'உம்' கொட்டினான். மறுநாள் பார்த்தா, இங்க நின்னு அவனுக்கே நடந்த மாதிரி சொல்லிட்டு இருக்கான். என்னைவிட நல்லா சொன்னான். விட்டுட்டேன். அப்புறம் படம் வேற வந்துடுச்சு."

"அவ்வளவு வேகமா கார் வருது, பயமா இல்லையா? ஏன் நகரல?"

"எதுக்கு நகரணும்? எனக்குப் பச்சை எரிஞ்சுது."

கடை அதிர்ந்தது. நசீம் கல்லாவைத் தட்டிச் சிரித்தார். "அந்தப் படத்துலயும் அப்படித்தானாம்! ஓடுற கார் ஒண்ணு, சத்தம் வேற காரோடது, அப்புறமா சேர்த்தாங்களாம். நம்ம முசியே அர்மானும் பின்னணிச் சத்தம்தான்!"

அர்மான் பேயறைந்தவர்போல உட்கார்ந்திருந்தார். கையுறைகளை ஒவ்வொரு விரலாகக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். அந்த வாரம் முழுக்கக் கடைப் பக்கமே வரவில்லை.

அடுத்த ஞாயிறு பெல்ஜியத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள். ஜன்னலோர நாற்காலியை நசீம் காலியாகவே வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் தொப்பி தெரிந்தது, பிறகு கையுறை. விழுந்தவர்தான், மீசையில் மண் ஒட்டவில்லை.

"உர்ர்ர்ர்... இந்த முக்குல திரும்புறான்! எதிர்ல யாரு? என் பொண்டாட்டி! நகர்ந்தாளா?"

"நகரல" என்றார் நசீம், ஆச்சரியத்தை அடக்கிக்கொண்டு.

"நகரல! ஆனா யோசிச்சுப் பாருங்க. அந்த நேரத்துல அவளை ரொட்டி வாங்க அனுப்பினது யாரு? நா..."

யோலாந்த் ரொட்டியோடு உள்ளே வந்து அவர் பின்னால் நின்றிருந்தாள். அன்று ரொட்டிக்கு முனை இருந்தது. அதை ஒடித்தாள். ஆவி பறந்தது. திறந்திருந்த வாயில் அதைத் திணித்துவிட்டு, பக்கத்து மேசைக்குப் போய்க் காபி சொன்னாள்.

பெல்ஜியக்காரர்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்கள். அர்மான் மூன்றாவது கியருக்கு முயன்றார், சத்தம் வரவில்லை. கட்டைவிரல் தானாகப் பல்செட்டுக்குப் போனது. அதை அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அவர் ரொட்டி முனையை மெல்ல ஆரம்பித்தார்.