மகளைக் கைமாற்ற நினைத்தவன்

பெற்ற மகளை இன்னொருவருக்கு எழுதிக்கொடுத்துவிட நினைத்தேன். அவள் நன்மைக்காக அல்ல. மாதந்தோறும் நான் அனுப்பும் பராமரிப்புப் பணம் நின்றுபோகட்டும் என்பதற்காக!

முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். கண்ணாடி முன் நின்றால் நானும் சுளிக்கிறேன்.

நான் ஏழையல்ல. வீடு, மனை விற்கும் முகவன். செந்தூலில் அடுக்குமாடி வீடு. மணவிலக்குக்குப் பின் மகள் யாழினி தன் தாய் சுமதியோடு கிள்ளானில் இருக்கிறாள். எனக்குப் புதிய வண்டி வேண்டியிருந்தது. அதன் தவணைக்கு இடைஞ்சலாக இருந்தது என் மகளின் சோறு... இதை எழுதும் கை கூசவில்லையே, ஏன்?

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பெண் வழக்கறிஞரைப் பார்த்தேன்.

"பிள்ள வேணாம்னு நீங்களா எழுதிக் குடுத்துட்டுப் போக முடியாது லா, மிஸ்டர்" என்றார். "அவங்கம்மா மறுபடி கல்யாணம் பண்ணி, அந்த ஹஸ்பெண்ட் முறையா தத்தெடுத்தா உங்க பொறுப்பு முடியும். அதுக்கு நீங்க சம்மதிக்கணும்."

சுமதி மறுமணத்துக்குத் தயாராக இருப்பது எனக்குத் தெரியும். வெளியே வந்து சாலையோரக் கடையில் தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல் வாங்கிக் குடித்தேன். என் வாய் சீட்டியடித்தது... ஆம், சீட்டியடித்தது!

மறுநாளே கிள்ளானுக்குப் போனேன். சுமதியை மணக்கவிருந்த சந்திரன் அங்கே டியூஷன் சென்டர் நடத்துகிறார். அவரை ஒரு வாழையிலை உணவகத்துக்கு அழைத்து, கறி பரிமாறப்படும் முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் இலையைத் தள்ளி வைத்தார்.

"அண்ணே, யாழினிய நான் பாத்துக்குவேன். அதுக்கு உங்க சம்மதமே தேவையில்ல. ஆனா தத்தெடுக்கணும்னா, நீங்களே அவகிட்ட சொல்லுங்க. சுமதிகிட்டயும் நான் வாய் திறக்க மாட்டேன். அவ தாங்க மாட்டா."

அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். நான் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை யாழினியை நடன வகுப்பிலிருந்து அழைத்து வந்தேன். பதினொரு வயது. காலில் சலங்கை அழுந்திய தடம் சிவந்திருந்தது. பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினேன்.

"சந்திரன் அங்கிள் இனிமே உனக்கு அப்பா மாதிரி இல்லம்மா, அப்பாவாவே இருப்பாரு. எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

நல்லதுக்கு! அந்தச் சொல் நாக்கில் அழுகிய பழமாய்க் கிடந்தது.

"அடுத்த வருஷம் பன்னண்டு வயசானா எனக்கு ஐ.சி., அடையாள கார்டு எடுக்கணும்ல? அதுல எந்த அப்பா பேரு வரும், பா?"

"அங்கிள் பேரு."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. சலங்கைப் பையின் நாடாவை இழுத்து முடிச்சிட்டாள்.

"எனக்கு ரொம்ப செலவாகுதா, பா? டான்ஸ் கிளாஸ் வேணா நிறுத்திக்கிறேன்."

யாரும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்திருந்தது!

அந்த நொடியில் ஒரு தகப்பன் என்ன செய்திருப்பான்? அவளை அள்ளி அணைத்திருப்பான். நானோ... அந்த வகுப்பு நின்றால் எவ்வளவு மிச்சமாகும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன். ஒரு நொடிதான். ஆனால் போட்டேன்!

"சும்மா இரும்மா" என்று மட்டும் சொல்லி வண்டியைக் கிளப்பினேன்.

சுமதியின் திருமணம் முடிந்தது. தத்துக்கு நான் சம்மதம் கொடுக்கவில்லை. மனம் திருந்திவிட்டேன் என்று எண்ணிவிடாதீர்கள். நீதிமன்றத்தில் யாழினியை விசாரித்தால், அன்று காரில் பேசியதைச் சொல்லிவிடுவாளே, எல்லாம் பணத்துக்காகத்தான் என்பது வெளிப்பட்டுவிடுமே என்ற பயம். அவ்வளவுதான் என் பாசம்!

சென்ற மாதம் சுமதி அழைத்தாள்.

"டான்ஸுக்குப் போக மாட்டேங்கிறா. ஏன்னு கேட்டா வாயே திறக்கல. உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

"தெரியலையே" என்றேன்.

என் மகள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பதினொரு வயதில், என் அசிங்கத்தைத் தன் வாய்க்குள் பூட்டி வைத்திருக்கிறாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இந்த மாதப் பணத்தை அனுப்பினேன்... நடன வகுப்புக்கு உரியதைக் கழித்துக்கொண்டு.