பாவு வழியே போன முசுறுகள்

"எறும்பு தறி நெய்யுதுன்னு சொல்லுத பிள்ளை, பள்ளிக்கூடம் போயி என்னத்தப் படிச்சுக் கிழிக்கப் போகுது?"

பெரியப்பா இப்படிக் கேட்டபோது எனக்கு எட்டு வயது இருக்கும். கேட்டுவிட்டு அவர் சிரித்தார். அவர் சிரித்ததால் அப்பாவும் சிரித்தார். எங்கள் குடும்பத்தில் அதுவரை ஆணோ பெண்ணோ யாரும் பள்ளிக்கூடத்துப் படி ஏறியதில்லை. அம்மாவின் பிடிவாதத்தால் நான் மட்டும் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போய்வந்தேன். அதனால் நான் எதைத் தப்பாகச் சொன்னாலும் பழி பள்ளிக்கூடத்தின் தலையில்தான் விழும். ஆனால் அன்றைக்கு நான் சொன்னதில் தப்பே இல்லை. எறும்பு நெய்வதை என் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் சொன்னேன்.

தென்காசியில் எங்கள் வீட்டுப் புறவாசல் நீளமானது. நெசவுக்காரர்களுக்கு அந்த நீளம் வேண்டும். தறியில் ஏற்றுவதற்கு முன் துணியின் நெடுக்கில் ஓடும் பாவு நூலை அத்தனை தூரத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, தூரிகையால் நீவிக் காயவைக்க வேண்டும். ஒரு கோடியில் பூவரச மரம். பாவின் ஒரு முனையை அதில் கட்டுவார்கள். மறு முனைக்குத் தரையில் தடித்த முளைக்கட்டை ஒன்று அடித்திருந்தது. முளைக்குப் பின்னால் அம்மாவின் மாமரம்.

அம்மாவின் மரம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். கல்யாணமாகி வந்த வருஷம் பண்பொழியிலிருந்து அவள் மடியில் கட்டிக்கொண்டு வந்த கொட்டை முளைத்த மரம் அது. வீட்டில் மற்ற எல்லாவற்றுக்கும் அப்பாவைக் கேட்க வேண்டும். அந்த மரத்துப் பழத்துக்கு மட்டும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனியில் சாரல் விழத் தொடங்கியதும் அம்மா கூடையைச் சுமந்துகொண்டு குற்றாலத்துக்குப் போவாள். அருவியில் குளித்துவிட்டுப் பசியோடு வருகிறவர்கள் நின்று வாங்குவார்கள். அந்தக் காசை அவள் என்ன செய்தாள் என்று யாரும் விசாரித்ததில்லை.

ஆனால் இரண்டு வருஷமாக மரத்தில் பழம் இல்லை. பூ மட்டும் பொங்கிக்கொண்டு வந்தது. பூவோடு தத்துப்பூச்சியும் வந்தது. கோதுமை மணி அளவுகூட இல்லாத பூச்சிகள். கிளையைத் தொட்டால் தூறல் போல் சடசடவென்று முகத்தில் தெறிக்கும். பூவின் சாற்றையெல்லாம் உறிஞ்சிவிடும். இலைகளில் பிசுபிசுவென்று ஏதோ வடிந்து, அதன் மேல் கரி பூசியதுபோலக் கருப்புப் படியும். பூக்கள் கருகிக் கொட்டும். அம்மா வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளித்தாள்; எட்டிய கிளைகளில் கொஞ்சம் குறைந்தது. எட்டாத கிளைகளுக்கு என்ன செய்வது?

மூன்றாம் வருஷமும் பூ கருகத் தொடங்கியபோது அப்பா சொல்லிவிட்டார். "மரம் வெட்டுதவன்கிட்ட சொல்லியாச்சு. இந்தப் பாவை முடிச்சதும் வருவான். இடமாவது மிஞ்சும்."

அம்மா அன்றே, குற்றாலத்துக்கு மேலே மலைச்சரிவில் ஒரு பழத்தோட்டத்தில் வேலை பார்த்த தன் தம்பிக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள்.

மாமா வந்தார். மரத்தைச் சுற்றி வந்து, பெரிய வைத்தியர் போல நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"எக்கா, இதுக்கு எங்க தோட்டத்துல ஆளு வச்சிருக்கோம். சம்பளம் கிடையாது, சோறு கிடையாது. ராப்பகலா காவல்."

"யாருலே அது?" என்றார் அப்பா.

"முசுறு, அத்தான்."

முசுறு என்பது மரத்திலேயே வாழும் சிவந்த எறும்பு. இலைகளைச் சேர்த்துப் பந்து போல் கூடு கட்டும். கடித்தால் கண்ணில் நீர் வந்துவிடும்.

"நல்லா இருக்கு மாப்ளே. இருக்குத பூச்சி போதாதுன்னு நீ வேற மூட்டை கட்டிக் கொண்டாரியாக்கும்?"

மாமா உண்மையாகவே மூட்டை கட்டித்தான் கொண்டுவந்தார். மறுநாள் அதிகாலையில், கைகால் முழுக்கச் சாம்பலைப் பூசிக்கொண்டு, ஒரு சாக்கோடு புறவாசல் வழியாக நுழைந்தார். சாம்பல் பூசிய தோலில் முசுறுக்குப் பிடி கிடைக்காது என்று அவர் முந்தின நாளே எங்களுக்கு விளக்கியிருந்தார். வேட்டிக்குச் சாம்பல் பூச அவருக்குத் தோன்றவில்லை. பூவரசடிக்கு வந்தபோது சாக்கின் வாய் நெகிழ்ந்தது. மாமா ஒரு துள்ளுத் துள்ளினார். சாக்கைக் கைக்கு எட்டிய பூவரசங்கிளையில் மாட்டிவிட்டு ஓடினார். அவர் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டுத்தான் வீடே எழுந்தது.

"மாப்ளே, உன் ஆளுக வேலைய ஆரம்பிச்சிட்டானுவ போலுக்கே!" என்று அப்பா வாசலில் நின்று கேட்டார்.

சாக்கை எடுத்து மாமரத்துக்கு மாற்ற அதற்குப் பிறகு யாருக்கும் துணிச்சல் இல்லை. முசுறுகள் பூவரசிலேயே குடியேறிவிட்டன.

நான் பார்த்தது அங்கேதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பூவரசடியில் போய் நிற்பேன். ஒரு பச்சை இலையின் ஓரத்தில் எறும்புகள் வரிசையாக நின்று, பக்கத்து இலையின் ஓரத்தைக் கவ்வி இழுத்தன. இலை எட்டாத இடத்தில் ஒன்றின் இடுப்பை இன்னொன்று பிடித்துக்கொண்டு சங்கிலி போலத் தொங்கின. எல்லாம் சேர்ந்து இழுக்க, இலைகள் இரண்டும் மெல்ல மெல்ல நெருங்கின. அப்புறம் உள்ளேயிருந்து வேறு எறும்புகள் வந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் அரிசி நொய் போல ஒரு வெள்ளைப் புழு. அவற்றின் குஞ்சுதான் அது. குஞ்சின் வாயை இந்த இலையில் தொட்டன, அந்த இலையில் தொட்டன. மறுபடி இங்கே, மறுபடி அங்கே. தொட்ட இடத்திலிருந்து பட்டு போல ஓர் இழை நீண்டது. இழை மேல் இழை ஓடி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு இலைக்கும் நடுவே வெள்ளைத் துணி விளைந்தது.

பிறந்ததிலிருந்து நான் பார்த்து வளர்ந்த வேலை அது. தறியில் அப்பாவின் கையில், ஊடை நூலைச் சுமந்துகொண்டு நாடா இப்படித்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும். இவற்றுக்குச் சொந்தக் குஞ்சே நாடா. யார் இவற்றுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? ஓடிப்போய் வீட்டில் சொன்னேன். அதற்குத்தான் பெரியப்பா அப்படிக் கேட்டார்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் என்னோடு வந்து நின்று பார்த்தாள். ஆனால் அவள் கவலை வேறு. முசுறுகள் பூவரசிலிருந்து இறங்கின. தரையில் கட்டெறும்புகளைக் கண்டதும் திரும்பி ஏறிவிட்டன. துணிக்கொடி பூவரசிலிருந்து பக்கச் சுவருக்குப் போகும். அந்தக் கொடியின் மேல் மட்டும் அவை ராஜபாட்டை போல நடந்தன; சுவர் வந்ததும் திரும்பின. அம்மா பிழிந்த சேலையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அதையே பார்த்தாள்.

அன்று இரவு சோறு போடும்போது கேட்டாள். "பூவரசுக்கும் மாமரத்துக்கும் ஒரு கயித்தக் கட்டட்டுமா?"

"பாவு போடுத இடத்துல குறுக்க கயித்தக் கட்டிட்டு, நாங்க தெருவுலயா போயிப் பாவு போட?" என்றார் அப்பா. பேச்சு அதோடு முடிந்தது.

பாவு போடும் நாள் வந்தது. விடிவதற்குள் அம்மா எழுந்து புறவாசல் தெளித்தாள். நானும் கூட நின்றேன். தெளித்து முடித்த பிறகு அவள் இரண்டு குடம் தண்ணீரைக் கொண்டுபோய் முளையின் அடியில் ஊற்றினாள். எனக்கு வேடிக்கையாக இருந்தது.

"காஞ்ச கட்டைக்கு எதுக்கும்மா தண்ணி?"

"தளிர்க்கும் பாரு," என்றாள் அம்மா.

வெயில் ஏறுமுன் அப்பாவும் பெரியப்பாவும் பாவைச் சுமந்துகொண்டு வந்தார்கள். சிவப்பு நூல். பூவரசில் ஒரு முனையைக் கட்டி, மறு முனையை முளையில் கட்டி இறுக்கியபோது முளை சாய்ந்தது.

"என்ன எழவு, முளை ஆடுதே!"

"பின்னாலதான் மரம் நிக்குதே, அதுல கட்டுங்க," என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. "வெட்டுததுக்கு முன்னால ஒரு வேலைக்காவது உதவட்டும்."

மாமரத்தில் கட்டினார்கள். கஞ்சி தடவினார்கள். பாவில் கஞ்சி ஏறிவிட்டால் பிறகு விடமுடியாது. நீவிக் காயவைத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் இழைகள் ஒட்டிக்கொண்டு நூல் முழுக்க வீணாகிவிடும். சரியாக அந்த நேரத்தில் பூவரசிலிருந்து முதல் முசுறு பாவின் ஓர இழையில் கால் வைத்தது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் ஒரு வரிசை.

"ஏலே தம்பி, மண்ணெண்ணெய ஊத்துலே!" என்று பெரியப்பா கத்தினார்.

"நூலு போயிரும்ண்ணே!"

"அப்ப அவுத்துரு!"

"கஞ்சி ஏறிட்டே, எப்படி அவுக்க?"

அப்பா தூரிகையை ஓங்கிக்கொண்டு வரிசையை நோக்கிப் போனார். ஒரே வீச்சில் தட்டிவிட்டிருக்கலாம். ஓங்கிய கை அப்படியே நின்றது. முசுறுகள் பாவுக்குள் இறங்கவே இல்லை. ஓரத்து ஒற்றை இழையில், ஒன்றின் பின் ஒன்றாக, ஈரம் பட்ட காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் போய்க்கொண்டிருந்தன. மாமரத்துக் கிளையில் ஏறியவை நேராகப் பூங்கொத்துக்குள் நுழைந்தன. தத்துப்பூச்சிகள் கூட்டமாகச் சிதறிப் பறந்தன. சிறிது நேரத்தில் எதிர்வரிசை ஒன்று திரும்பியது. அதில் சில எறும்புகளின் வாயில் பூச்சி இருந்தது.

அப்பா சாம்பலைக் கையில் பூசிக்கொண்டார். ஓர இழையை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நீவினார். பாவு காய்ந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, நெய்யுதுன்னு சொன்னியே, எங்கன?"

என் வாழ்க்கையில் அப்பா என்னிடம் ஒரு விஷயம் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் கையைப் பிடித்துப் பூவரசடிக்கு இழுத்துப் போனேன். அவர் குனிந்து பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. தறியை விட்டு அத்தனை நேரம் அவர் சும்மா நின்று நான் பார்த்ததில்லை.

"நாடாதான்," என்றார் கடைசியில், கோவிலில் பேசுகிற குரலில். "அண்ணே, இங்கன வாங்க. நாடாவேதான்."

பெரியப்பா வந்து, இன்னும் கிட்டத்தில் பார்க்கவேண்டுமென்று குனிந்து, உதட்டில் கடி வாங்கினார். அன்று முழுவதும் அவரால் யாரைப் பற்றியும் எதுவும் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் பாவைச் சுருட்டியதும், அறுந்த நூல்களைச் சேர்த்து முறுக்கி அப்பாவே ஒரு கயிறு திரித்தார். பாவுக்குத் தடையில்லாமல், தலைக்கு மேலே உயரத்தில், பூவரசுக்கும் மாமரத்துக்குமாகக் கட்டினார். மரம் வெட்டுகிறவன் வந்து, மோர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனான். பூ முழுவதும் தப்பியது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஆனியில் அம்மா கூடையோடு குற்றாலம் போனாள். வரும்போது எனக்குப் புதுச் சிலேட்டு ஒன்று வாங்கிவந்தாள்.

நானோ பல நாள் அந்த முளையைப் போய்ப் போய்ப் பார்த்தேன். அது தளிர்க்கவே இல்லை. எல்லாம் தெரிந்த அம்மாவுக்கு, காய்ந்த கட்டை தளிர்க்காது என்பது மட்டும் தெரியவில்லையே என்று இரக்கப்பட்டேன். ஈர மண்ணில் முளை நிற்காது என்பதும், கயிறு கட்டக் கூடாது என்று சொன்ன அப்பாவின் கையாலேயே அவள் பாலம் கட்டவைத்தாள் என்பதும் எனக்கு விளங்க வருஷங்கள் ஆயின. மரம் போனால் கூடை போகும். கூடை போனால் என் சிலேட்டு போகும். அந்த விடியற்காலையில் அவள் தண்ணீர் ஊற்றியது எதற்கு என்று கேட்டவள் நான்தான். பதிலும் சொன்னாள். நான்தான் மாமரத்தை விட்டுவிட்டுக் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஆனியில் பாளையங்கோட்டைக் கல்லூரிக்கு வந்தேன். பெண்களுக்குச் சரித்திரம் போதுமே என்றார்கள். நான் பிராணி சாஸ்திரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கள் விடுதிக்குப் பின்னால் இரண்டு மாமரங்கள். ஒன்றில் முசுறு இருக்கிறது, மற்றொன்றில் இல்லை. நேற்று மாலை நடுவே ஒரு கயிறு கட்டினேன்.

காலையில் பார்த்தேன். முதல் எறும்பு பாதித் தூரம் வந்துவிட்டது.