மாத்திரை தலைக்குப் போகும் வழி

என் வீட்டுக்காரருக்குக் கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மலச்சிக்கல் வந்துவிட்டது. காலையில் உடைமரங்களின் பக்கம் ஒதுங்குபவர், ஆடுகளை அவிழ்க்கும் நேரம் தாண்டித்தான் திரும்புவார். "அங்கன என்ன கோட்டையா கட்டுதிய?" என்று கேலி செய்வேன். அதை ஒரு நோயாகவே நாங்கள் நினைக்கவில்லை.

பிறகு நடை குறுகியது. கோவில்பட்டி நரம்பு மருத்துவர் பார்க்கின்சன் நோய் (உடல் அசைவுக்கு வேண்டிய டோபமின் மூளையில் குறைந்துபோவது) என்றார். லெவோடோபா (மூளைக்குள் டோபமினாக மாறும் மருந்து) எழுதிக் கொடுத்தார்.

வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குடல் வெந்துவிடும் என்று எங்களுக்குப் பயம். ஆடு வளர்க்கும் வீடு. கறந்த சூட்டோடு ஒரு செம்பு பால் கொடுத்துத்தான் விழுங்க வைத்தேன். மாதங்கள் போயின, கால் எழும்பவில்லை. "இனி மேய்க்க முடியாது, ஆட்டை வித்துருவோம்" என்றேன். அன்று அவர் சாப்பிடவில்லை.

அடுத்த முறை மருத்துவர், மாத்திரையை எதோடு கொடுக்கிறேன், அவர் ஒழுங்காக வெளிக்குப் போகிறாரா என்று கேட்டார். சொன்னேன்.

"பால்ல உள்ள புரதமும் இந்த மருந்தும் ஒரே வழியாத்தாம்மா உள்ள போகணும். பால் முந்திக்கிடுது. மலச்சிக்கலும் இருக்குல்லா, குடல்ல உள்ள சில நுண்ணுயிரிகளே மருந்தைச் சிதைச்சிருது. மிஞ்சுததுதான் மூளைக்கு."

"அப்ப நோயே வயித்துலருந்துதான் வந்துச்சா?"

"சிலருக்கு அப்படி இருக்கலாம்னு சொல்லுதாங்க. உறுதியாத் தெரியலை."

தெரியவில்லை என்று சொன்னதாலேயே அவரை நம்பினேன்.

இப்போது மாத்திரை தண்ணீரோடு. பால் ரொம்பப் பிந்தி. காலையில் நான் முதலில் கேட்பது அவர் வெளிக்குப் போனாரா என்பதைத்தான். இதே நோயோடு இருப்பவர்களுக்கும் அதையே சொல்வேன்: வயிற்றைப் பற்றி மருத்துவரிடம் கூச்சப்படாமல் பேசுங்கள். நோய் போகவில்லை. நடக்கிறார், அவ்வளவுதான். எனக்கும் அலுத்துவிட்டது.

நேற்றுச் சாயங்காலம் ஓடைக்கரையில் கால் எழும்பாமல் உட்கார்ந்துவிட்டார். மாத்திரை கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். ஆடுகள் மேய்ந்தபடியே எட்டிப் போயின.

"ஏட்டி, வித்துருவோம்" என்றார்.

நானே முன்பு சொன்னதுதான். ஆனாலும் அழுகைதான் வந்தது.

ஒரு மாத்திரைக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவர் நடக்கும் நேரம்தான் இப்போது எங்களுக்கு ஒரு நாள். அது விடியக் காத்திருந்தோம். கால் அசைந்ததும் என் தோளைப் பிடித்து எழுந்தார். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஆடுகள் போன பக்கம் நடந்தார்.